லோரியில் வந்த ஆத்தா

மலேசியாவின் ரவாங் டவுனில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் கிளார்க்காக இருந்த லீலாவதிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் அவளுக்குக் காரியமும் நடந்தது, வம்பும் வந்தது.

கம்பெனி வருஷா வருஷம் ஒரு ரத்ததானச் சங்கத்துக்கு வேன், பெட்ரோல், பிஸ்கட் எல்லாம் கொடுத்துவந்தது. முகாம் எப்போதும் ரவாங் டவுனில்தான். "இந்தத் தடவ புக்கிட் ரோத்தான்ல இருக்கிற எங்க தோட்டத்துக்கு அனுப்புங்க சார்" என்று மேனேஜர் நடராஜாவை லீலாவதி விடாமல் நச்சரித்தாள். காரணம் அவள் தங்கை கலாவதி. மூன்று வருஷத்துக்கு முன் பிரசவத்தில் ரத்தம் போய் வெளுத்துக் கிடந்தவளை, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் ஜனமும் கொடுக்கும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் லீலாவதியின் ஆசை.

"தோட்டத்து ஆளுங்க ஊசியப் பாத்தா ஓடிருவாங்க லா" என்றார் நடராஜா. "சரி, ஒரு தடவ பாப்போம். சரிப்படலன்னா இனிமே டவுன்தான்."

ஆள் சேர்க்க லீலாவதி ஒரு தந்திரம் செய்தாள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஆடி ஞாயிறாகப் பார்த்து நாள் குறித்தாள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய், "ரத்தம் கொடுக்கிறது ஆத்தாளுக்கு நேந்துகிட்ட மாதிரி" என்று சொல்லிவைத்தாள். ஜனம் அதை அப்படியே நம்பிவிட்டது.

அன்று காலையில் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. எல்லாரும் தலைக்குக் குளித்து, மஞ்சள் துணி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். லீலாவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் முதலாக நின்றவன் லோரி டிரைவர் காளியண்ணன். சாப்பிட்டாச்சா என்று மலாய்க்கார நர்ஸ் கேட்டாள்.

"சாப்பாடா? நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல!" என்று நெஞ்சை நிமிர்த்தினான். வரிசை முழுக்க அதே கதைதான். நேர்த்தி என்றால் விரதம் இல்லாமலா?

நர்ஸ் கையை விரித்துவிட்டாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க முடியாது, மத்தியானம் வேன் கிளம்பியாக வேண்டும்.

நடராஜா பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். ஒருவரும் தொடவில்லை. ஆற்றங்கரையில் ஜோடித்த கரகம் தோட்டமெல்லாம் சுற்றிக் கோயிலுக்கு வந்து, ஆத்தாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் எதுவும் படும். அதற்கு உச்சிப்பொழுது தாண்டிவிடும். "நான் சொன்னேன்ல?" என்று அவர் டின்னை மூடினார். லீலாவதி பூசாரி சன்னாசியிடம் ஓடினாள்.

"மாமா, நேர்த்தி அதுஇதுன்னு நான்தான் சொல்லித் தொலச்சேன். ஏதாச்சும் பண்ணுங்க!"

"படைக்காம கூழ்ல கை வெக்க விடமாட்டேன்" என்ற சன்னாசி கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஆத்தா நடந்துதான் வரணும்னு யாரு சொன்னா? டேய் காளியண்ணா, லோரிய எடுடா!"

பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியைப் பத்துப் பேர் சேர்ந்து கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, வேப்பிலை கட்டி ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் உறுமி மேளம் காதைப் பிளக்க, புழுதி கிளப்பிக்கொண்டு கரகம் லோரியில் வந்து இறங்கியது. லயத்துக்கு லயம் நின்று ஆரத்தியும் வாங்கியாகிவிட்டதாம். சன்னாசி சூடம் காட்டி, படைத்து, முதல் அகப்பையை ஊற்றினார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஜனம் கூழ் குடித்த வேகத்தைப் பார்த்து நர்ஸே ஒரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அப்புறம் கட்டில் காலியாகவே இல்லை. ரத்தம் எடுக்கும் பைகள் தீர்ந்தபோதும் வெளியே ஆட்கள் நின்று சண்டை போட்டார்கள். "அடுத்த வருஷம் ரெண்டு வேன் வேணும் லா" என்று நடராஜா தலையைச் சொறிந்தார்.

கடைசிப் பை கலாவதியுடையது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இது யாருக்குக்கா போவும்?"

"அது எப்படிடி தெரியும்?"

"தெரியாதுல்ல?" கலாவதி சிரித்தாள். "எனக்குக் கொடுத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

லீலாவதி தங்கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு நீளமான அந்த வாயைத் திறந்து, "சார், ரெண்டு வேன் பத்தாது!" என்று நடராஜாவைக் கூப்பிட்டாள்.