தேற்றரவாளன் யார்?

பல் செட் செய்யும் லேபிலிருந்து வந்த கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல், "தேற்றரவாளன்னா யாரு?" என்று கேட்டபோது, ஞாயிறு வகுப்பு டீச்சருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் மனிதர் வேதாகமத்தைக் கையில் எடுத்தது தூசி தட்டத்தான்.

"பரிசுத்த ஆவியானவருங்க. தான் போனப்புறம் வருவார்னு இயேசு சொன்னாரே, அவர்." அவள் குரல் குழைந்தது.

"பீங்கான் வேற மாதிரி சொல்றாரு. அது அவங்க நபியைக் குறிக்குதாம்."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

பீங்கான், லேபில் கணவருக்குப் பக்கத்து மேஜைக்காரர். பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுவதில் கெட்டிக்காரர், பட்டப்பெயர் வந்தது அதனால்தான். தொழுகை தவறாத முஸ்லிம். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சுத்தான். தட்டு வைத்தால் பீங்கான், பாய் விரித்தால் பீங்கான். "வர்றவர் சுயமா பேசமாட்டார், கேட்டதைத்தான் சொல்லுவார்னு உங்க சுவிசேஷத்துல இருக்காம். அவங்க நபியும் இறைவன் சொன்னதைத்தான் அப்படியே சொன்னாராம். பொருந்துதில்ல?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவளுக்கு எரிச்சல் அந்தக் கேள்விக்காக அல்ல. தான் வாசித்துக் காட்டினால் கொட்டாவி விட்ட மனிதர், எவரோ சொன்னதும் வரி வரியாக ஒப்பிக்கிறாரே, அதற்காக.

ஒரு நாள் கல்யாணத்துக்கு அவளுக்குக் கொடுத்த வேதாகமத்தைக் காணவில்லை. சாயங்காலம் அது கணவரின் பையில் வந்தது. தேற்றரவாளன் வரும் அதிகாரத்தில் நூல் பிடித்ததுபோல ஒரு பென்சில் கோடு. கணவருக்கு நேராகக் கோடு போட வராது. ரப்பர் எடுத்துத் தேய்த்தாள், தாள் கிழிந்துபோனது.

மறுநாள் மத்தியான இடைவேளையில் லேபுக்கே போய் நின்றாள். மேஜைகளில் வரிசையாகத் தாடை அச்சுகள். எங்கும் சுண்ணப்பொடி, மெழுகு வாசனை. பீங்கான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா."

"அண்ணே, ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி? உலகம் தேற்றரவாளனைக் காணாது, அவர் உங்களுக்குள்ள இருப்பார்னு முன்னாடியே இருக்கே. ஒரு மனுஷர் எப்படி இன்னொருத்தருக்குள்ள இருக்க முடியும்?"

அவர் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார். "நியாயமான கேள்வி. ஆனா, நான் போனாத்தான் அவர் வருவார்னு இயேசு சொல்றாரே. ஆவியானவர் அதுக்கு முன்னாடியே இருந்ததா உங்க வேதமே சொல்லுதே?"

பன்னிரண்டு வருஷ வகுப்பில் ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. டீச்சர் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இருந்தார். ஆனா அதுவரைக்கும் சில பேர் மேலதான் வந்தார், அப்புறந்தான் எல்லார் மேலயும். அதோட, அவர் வர்ற வரைக்கும் ஊரை விட்டுப் போகாம காத்திருங்கன்னு இயேசு சீஷர்கள்கிட்டச் சொன்னாரே. உங்க நபி வர்ற வரைக்கும் அறுநூறு வருஷமா காத்திருப்பாங்க?"

"பொருந்துதில்ல?" என்று கணவர் நடுவில் வந்தார். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பீங்கான் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கு நான் படிச்சுட்டு வந்துதான் பதில் சொல்லணும். என் நம்பிக்கை மாறாதும்மா. ஆனா இவ்வளவு நேரா யாரும் எங்கிட்டப் பேசினதில்ல."

"என்னுதும் மாறாதுண்ணே," என்றாள். வந்தபோது இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

சாயங்காலம் கணவர் உம்மென்று வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா பக்கத்துல உக்கார்றேன். எங்கிட்ட அவரு ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். இனி மத்தியானம் வீட்டுக்கே வந்துடறேன். எதுவானாலும் நீயே சொல்லிக்குடு. லேபுக்கு மட்டும் வராத."

தன்னிடம் அவர் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஏங்கியது தானாகவே கைக்கு வந்துவிட்டது. சரி என்றாள்.

மறுநாள் சொன்னபடியே வந்தார். எதிரில் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாக, "ம், அப்புறம்?" என்று கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். நடுநடுவே மனசு மட்டும் லேபுக்கு ஓடியது. பீங்கான் இந்நேரம் படித்துவிட்டு வந்திருப்பார். அந்தப் பதிலை இப்போது யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.