சாமிப் பெட்டியின் மூடி

மூடி மறுபடியும் வளைந்திருந்தது. ராசப்பன் அதைச் சாணம் மெழுகிய தரையில் கிடத்திக் குனிந்து பார்த்தான். இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு, நடு மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தை விரலால் அழுத்தினால் அடுத்த ஓரம் எழும்பியது. நேற்று மேலே வைத்த கல்லை எடுத்தபோது தட்டையாகத்தான் இருந்தது. அதற்குள் எது வந்து புகுந்ததோ தெரியவில்லை. அவனுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தலைக்குள் பஞ்சை அடைத்தது போல இருந்தது.

அவன் இந்த மலையில், ஆலத்தூர் நாட்டில் பிறந்தவன்தான். சேலத்தில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் வேலை பார்த்தான். உலகச் சண்டை நடந்த காலத்தில் சரக்குக் கிடைக்காமல் முதலாளி கடையைச் சாத்தியதும், பெண்டாட்டி பாவாயியைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டான். ஊர் சேர்த்துக்கொண்டால்தானே? மாட்டுத்தோலைக் காய்ச்சி வடித்த வச்சிரப் பசையில் கை வைத்துப் பிழைத்தவன் சாமி முன்னால் எப்படி நிற்பான் என்று ஒரே பேச்சு. பாவாயி வைத்த பொங்கலைக்கூடக் கோயில் எல்லைக்குள் விடவில்லை. கடைசியில் பூசாரி அப்பாசாமிதான் ஒரு வழி சொன்னார். நோன்பன்று ஊர்வலத்தில் தலையில் சுமந்து போகிற, சாமியின் வேலும் மணியும் இருக்கிற பெட்டிக்கு மூடி இற்றுப்போயிருந்தது.

"நீயே ஒரு மூடி செஞ்சு குடு. அது பொட்டியில படிஞ்சு உக்காந்துச்சுன்னா சாமி உன்னைய ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம். பொறகு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார்.

பழைய மூடி சாமி இருந்த மரம், அதைத் தூக்கி எறிய முடியாது. பூச்சி அரிக்காமல் மிஞ்சிய வேங்கை மரத்தை ராசப்பன் வாழைமட்டைத் தோல் போல மெல்லிய தகடுகளாக அறுத்தெடுத்தான். புதிய பலாப் பலகையின் மேல் அந்தத் தகட்டை ஒட்டிவிட்டால் போதும். முதலில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினான். மலை மூட்டத்தில் அது பூஞ்சணம் பூத்து உரிந்து வந்தது. வச்சிரம்தான் நிற்கும் என்று பூசாரியிடம் போய்க் கெஞ்சினான். அவர் மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மேல்பக்கம் ஊர் தொடற பக்கம், ஒட்டிக்க. உள்பக்கம் சாமி இருக்கற பக்கம். அங்க மட்டும் தோல் படக் கூடாது, கண்ணு."

அப்படியே செய்தான். வளைந்தது. பலகையை இன்னும் காயவிட்டுச் செய்தான், வளைந்தது. ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தும் பார்த்தான். சேலத்தில் இப்படி ஒரு பலகையாவது வளைந்ததுண்டா? அங்கே மேல்பக்கம் ஒட்டுவது மட்டும் அவன் வேலை. பின்பக்கத்தை யாரோ மட்டமான மரத்தகடு வைத்து மூடுவார்கள். கண்ணில் படாத இடத்துக்கு எதற்கு இந்த வெட்டிச் செலவு என்று அவன் கேலி பேசியதுண்டு. மலைக் காற்றா, மரமா, தன் கையா, இல்லை சாமிதான் வேண்டாம் என்கிறதா? எதை நம்புவது என்று புரியவில்லை. இருந்த தகடுகளில் இப்போது இரண்டுதான் மிச்சம்.

வாசலில் பாவாயி புது முறத்துக்குச் சாணியும் அரைத்த வெந்தயமும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். உள்பக்கம் முடித்து முறத்தைக் கவிழ்த்தாள். பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"ஏம்புள்ள, தானியம் உள்ள தான கெடக்கப் போவுது? முதுகுல எதுக்கு அப்பற?"

"ஒரு பக்கம் மட்டும் பூசுனா காயறப்ப அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுக் கோணிக்குமுங்க. ரெண்டு பக்கமும் பூசுனாத்தான் முறம் முறமா இருக்கும்."

அவள் கை நிற்கவில்லை. அவன் வளைந்து கிடந்த மூடியைத் திரும்பிப் பார்த்தான். சேலத்துப் பின்பக்கங்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. புரிந்துபோனது. புரிந்ததும் பயம் வந்தது. உள்பக்கமும் ஒட்ட வேண்டும், அதற்கும் வச்சிரம்தான் வேண்டும். ஒட்டினால் சொல் தவறியவன். ஒட்டாவிட்டால் சாமிக்கு ஆகாதவன். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் கொல்லைப் பக்கம் மூன்று கல் கூட்டிப் பசைச் சட்டியை ஏற்றினான். தோல் வாடை குப்பென்று கிளம்பியது. வளைந்த மூடியைத் தள்ளிவிட்டு, புதுப் பலாப் பலகையோடு இரண்டு தகடுகளையும் எடுத்து வைத்தான். பாவாயி அந்த இரண்டையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்று சொல்லி, அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

நோன்பன்று ஊரே கூடி நிற்க, மூடி பெட்டியில் உட்கார்ந்தது. முடி நுழையக்கூட இடுக்கில்லை. சனம் குலவையிட்டது. அப்பாசாமி மூடியைத் திறந்து, வேலை எடுக்கக் குனிந்தவர் ஒரு கணம் அப்படியே நின்றார். மூக்கு லேசாக விடைத்தது போல இருந்தது. திரும்பி ராசப்பனைப் பார்த்தார். பிறகு வேலை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினார்.

"சாமி ஒத்துக்கிட்டாரு. செஞ்சவனே சொமக்கட்டும்" என்றார் ஊரைப் பார்த்து.

பாவாயியின் பொங்கல் பானையை யாரோ கோயில் எல்லைக்குள் வாங்கி வைத்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் தலைமேல் பெட்டியோடு நடந்த ராசப்பனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சாமிக்குத் தோல் ஆகும் என்றால் இத்தனை நாள் ஏன் வெளியே நின்றான்? ஆகாது என்றால் மூடி ஏன் படிந்து கிடக்கிறது? பூசாரிக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா?

மூட்டம் இறங்கி வழியை மறைத்தது. மேளச் சத்தத்தைத் தாண்டி, தலைக்கு மேல் மரம் எங்காவது முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். ஒரு சின்னச் சத்தம் கேட்டுவிட்டால்கூடத் தேவலை போலிருந்தது. மூடி அசையவே இல்லை. அதன் மேல் திரண்ட பனித்துளி ஒன்று ஓரத்தில் இறங்கி, அவன் நெற்றியில் சொட்டியது.