யாரும் யானை என்று சொல்லக்கூடாது

அருப்புக்கோட்டையில் பேச்சியம்மாள் டிவியைப் போட்டாள். ஓசூர்ப் பக்கம் யானைக் கூட்டம் திரிகிறது என்று செய்தி ஓடியது. போதாதா? ஓசூரில்தான் அவள் மகள் லாவண்யா காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "போயி பிள்ளையக் கையோட கூட்டிட்டு வாங்க. படிச்சது போதும், மிச்சத்த நம்ம ஊர்ல படிக்கட்டும்" என்று கணவர் அண்ணாதுரையை அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டாள். பேச்சியம்மாள் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

சேதி ஹாஸ்டலில் இருந்த லாவண்யாவுக்கு எட்டியது. வந்த புதிதில் இந்த ஊரே வேண்டாம் என்று அழுதவள்தான். இப்போதோ ஹாஸ்டல் அறையில் நான்கு பேர், நான்கு பாஷை, ஒரே ஊறுகாய் பாட்டில். இதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

கூடப் படிக்கும் நிர்மலாதான் யோசனை சொன்னாள். அவள் கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. "அப்பாவுக்கு ஊர சுத்திக் காட்டுவோம். மத்தியானம் எங்க வீட்ல சாப்பாடு. ஊர் புடிச்சிருச்சின்னா அவரே உட்டுட்டுப் போவாரு. ஆனா ஒண்ணு, யாரும் யானைன்னு வாயத் தொறக்கக்கூடாது." காலேஜுக்கு லேட்டாக வரும்போதெல்லாம் "யானை, மேடம்" என்று சொல்லித் தப்பித்தவள் அவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சட்டம்.

அண்ணாதுரை காலையில் வந்து இறங்கினார். தலையில் மப்ளர், கையில் பெரிய காலிப் பை. மகளுடைய துணிமணிகளை அள்ளிப் போகத்தான் அது. பையைப் பார்த்ததும் லாவண்யாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

முதலில் மாணவர்கள் மொய்க்கும் வெங்கடம்மா மெஸ். அந்த அம்மாள் ஒரு மேஜைக்குத் தெலுங்கில் களி வைத்து, அடுத்த மேஜைக்குக் கன்னடத்தில் குழம்பு ஊற்றி, சப்ளையரைத் தமிழில் திட்டினாள். மூன்றாவது முறையும் குழம்பு கேட்டு வாங்கிய அண்ணாதுரை மகளிடம் குனிந்தார்.

"இந்தம்மா எந்த ஊருத்தா?"

"இந்த ஊர்தாம்ப்பா."

"பெறகு எதுக்கு இத்தன பாச?"

"இந்த ஊருன்னா அப்படித்தாம்ப்பா."

நிர்மலா முன்பே சொல்லி வைத்திருந்தாள்; வெங்கடம்மா சும்மா இருந்திருக்கலாம். "பாப்பாவ நெனச்சி பயப்படாதீங்க. அதெல்லாம் ஊருக்குள்ள வராது" என்றாள்.

"எது வராது?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "குளிருங்க" என்றாள் வெங்கடம்மா. அண்ணாதுரை மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்து மலைக்கோயில். உச்சியில் நின்றால் ஃபேக்டரிக் கூரைகளும் ஏரியும் பெங்களூர் ரோடும் ஒரே பார்வையில் தெரியும். "நம்ம ஊர்ல இந்நேரம் மண்டையப் பொளந்திருக்கும் வெயிலு" என்று அவர் கண்ணை மூடிக் காற்று வாங்கினார். ஆனால் பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

கெலமங்கலம் போகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோதுதான் கதை கெட்டது. "உத்தனப்பள்ளி பஸ் காட்டு வழியா சுத்திக்கினு போவும். மத்திகிரி வழியா போற பஸ் பின்னால வருது, அதுல போலாங்க" என்று நிர்மலா சொல்லி முடிப்பதற்குள், வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியாக அண்ணாதுரை பையை வீசி மூன்று சீட்டுப் பிடித்துவிட்டார். தென்மாவட்டத்துப் பழக்கம் லேசில் போகுமா? அது உத்தனப்பள்ளி பஸ். கண்டக்டர் விசிலும் ஊதிவிட்டார். பைக்குப் பின்னால் மூன்று பேரும் ஓடி ஏறினார்கள்.

சானமாவுக் காட்டில் வனக்காவலர் ஒருவர் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். இன்ஜின் அணைந்தது. "ஆனை தாண்டுது, யாரும் இறங்காதீங்க" என்று கண்டக்டர் தமிழில் சொல்லி, அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார். ஒரு பாஷையில் சொன்னால் போதாதா மனுஷருக்கு? நிர்மலா தலையில் கைவைத்தாள். அண்ணாதுரையின் முகம் வெளுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று லாவண்யா நினைத்தாள்.

முன்சீட்டில் ஒரு குழந்தை வீரிட்டது. லாவண்யா எட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கன்னடத்தில் என்னென்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். அண்ணாதுரை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பரங்குன்றம் கோயில் யானையைக் கண்டு தன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவளா இவள்?

அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து பெரிய யானை ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னும் சில. கடைசியில் ஒரு குட்டி. ஏதோ லோடு வண்டியிலிருந்து விழுந்து கிடந்த முட்டைக்கோஸைக் கண்டதும் அது நடுரோட்டில் நின்று காலால் உருட்டி விளையாடியது. தாய் திரும்பி வந்து தும்பிக்கையால் நெட்டித் தள்ளியது. குட்டி நகர்வதாயில்லை. பஸ்ஸே வாயைப் பொத்திச் சிரித்தது.

"ஏத்தா, குட்டியப் பாரு, குட்டியப் பாரு" என்று அண்ணாதுரை மகளின் கையைப் பிடித்து உலுக்கினார். மப்ளர் எப்போது நழுவி விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. பேச்சியம்மாள். அவருக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேச வராது.

"கிளம்பியாச்சா? யான ஏதும் கண்ணுல பட்டுச்சா?"

பஸ் மொத்தமும் அண்ணாதுரையைப் பார்த்தது. அவர் ரோட்டைப் பார்த்தார். மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"யானையா? இங்க ஒரு பூனையக்கூடக் காணோம். டிவிக்காரன் பேச்செல்லாம் ஒரு பேச்சா? பிள்ள நல்லா இருக்கு. இங்கயே படிச்சு முடிக்கட்டும்."

தாய் யானை பொறுமை இழந்து பிளிறியது.

"அது என்னங்க சத்தம்?"

"பஸ் ஹாரன். இந்த ஊர்ல எல்லாமே பெருசு" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

லாவண்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணாதுரை காலிப் பையை நான்காக மடித்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு எழுந்து நின்று, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த தடவ இவ அம்மாவ அழைச்சிட்டு வாரேன். அவகிட்ட ஒருத்தரும் வாயத் தொறந்துராதீங்க."

சரி என்று பஸ் மூன்று பாஷையில் சொன்னது. அவர் உட்கார்ந்து நிர்மலா பக்கம் திரும்பினார்.

"அவள மட்டும் அந்த மத்திகிரி பஸ்ல ஏத்தும்மா."