சாதாரணப் பசி ரத்தான செவ்வாய்

அந்தக் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை முதல் சாதாரணப் பசி ரத்து செய்யப்பட்டது. இனி உயர்தரப் பசிக்கு மட்டுமே அனுமதி. அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை.

நாகபூசணம் அதை இரண்டு தடவை படித்தாள். அந்தக் கம்பத்தடியில்தான் இருபத்தாறு வருஷமாகப் பஜ்ஜி போடுகிறாள். சாதாரணப் பசியை நம்பியே அடுப்பு பற்றவைத்தவள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் உயர்தரம் என்று நிரூபிக்காத கடைகள் காலி செய்ய வேண்டுமாம். இந்த இடம் போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. வயிறு எரியுமா, எரியாதா?

பக்கத்துச் சோளக்கடை மாசிலாமணி போன வாரமே விண்ணப்பம் போட்டு மேசைவிரிப்பாகிவிட்டார். எதிரே இருக்கும் கண்ணாடி ஓட்டலில், ஜன்னலோர மேசையில் அவரை விரித்திருந்தார்கள். நல்ல வெள்ளை. ஓரத்தில் மட்டும் மீசை.

நாகபூசணம் ஜன்னலைத் தட்டினாள்.

"எப்டி கீறீங்கண்ணே?"

"கொற சொல்லக் கூடாது நாகு. டெய்லி இஸ்திரி போடறாங்க."

"சுடலியா?"

"பழகிடும்னு சொல்லிக்கீறாங்க."

யாரோ அவர் மேல் சூப்புக் கிண்ணத்தை வைத்தார்கள். அத்தோடு பேச்சு நின்றது. நாகபூசணத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. செத்தாலும் விரிப்பாக மாட்டேன் என்று முடிவு செய்தாள்.

எண்ணெய் ஏற்கெனவே காய்ந்திருந்தது. காய்ந்த எண்ணெயை விட்டுவிட்டு எப்படிப் போவது? வாணலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரையோரப் பசி அலுவலகத்துக்கு நடந்தாள்.

அந்த அலுவலகத்தின் நடைபாதை உண்மை சொன்னால் நீளும். வாசலில் காவலாளி கேட்டார்.

"எத்தினி வருஷமா கடை?"

"இருபத்தாறு."

நடைபாதை இருபத்தாறு பர்லாங் நீண்டது. அவளுக்கு முன்னால் நின்ற ஆள், தான் ஏழு தலைமுறையாக அரண்மனை விருந்து சமைப்பதாகச் சொன்னார். இரண்டே எட்டில் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். நாகபூசணத்துக்கு என்ன செய்தும் பொய் வரவில்லை. எண்ணெய் தளும்பாமல் ஒரு மணி நேரம் நடந்தாள்.

அதிகாரியின் பெயர் ஞானப்பிரகாசம். மேசைமேல் தராசு. அதில் அடுத்தவர்களின் பசியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பத்துல ஏழாவது கட்டம் காலியா இருக்கும்மா. நிரந்தர வாடிக்கையாளர் யாரு?"

"நெறய பேரு வராங்க சார்."

"நிறைய பேர் வேண்டாம். ஒரே ஒருத்தர். ஒரு நாளும் தவறாதவர்."

நாகபூசணம் யோசித்தாள். அந்தக் கரையில் பஜ்ஜி போடுகிறவர்கள் முதல் பஜ்ஜியை விற்க மாட்டார்கள். கடலில் வீசிவிடுவார்கள். புயலடித்த நாளிலும் அவள் வீசியிருக்கிறாள். மகள் கல்யாணத்தன்றுகூடப் பட்டுப்புடவையோடு வந்து, ஒன்றே ஒன்று சுட்டு, வீசிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள்.

"கடலு, சார்."

"இனிஷியல்?"

"வ."

வ. கடல் என்று எழுதிக்கொண்டார். "நேர்ல வரணும். ஆறு மணிக்குள்ள."

மணி ஐந்தரை. நாகபூசணம் ஜன்னலைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"தாயி! ஒரு கையெழுத்துக்கு வந்துட்டுப் போ!"

கடல் வந்தது. மாடிப்படி வழியாகத்தான் வந்தது. கீழே டோக்கன் வாங்கிக்கொண்டது. கடலைக் கண்டதும் நடைபாதை வாலைச் சுருட்டிக்கொண்டு பத்தடியாகிவிட்டது. ஞானப்பிரகாசம் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"தினமும் இவங்க கடையில சாப்பிட்றீங்களா?"

"ஆமா," என்றது கடல்.

"எப்படி இருக்கும்?"

கடல் ஒரு தடவை சப்புக்கொட்டியது.

"காரம் பத்தல."

அவளுக்கு வந்ததே கோபம்! "இருபத்தாறு வருஷமா வாயத் தொறக்காம, ஆபீசுல வந்து சொல்றியா? எங்கையில சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவே?"

"நீ எங்க நிக்கிறே? வீசிட்டுத் திரும்பிப் பாக்காம போயிடறே."

உண்மைதான். இரண்டாவது ஈடு எண்ணெயில் கிடக்கும். ஒரு நாள்கூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞானப்பிரகாசம் கடலின் பசியைத் தராசில் வைத்தார். தட்டு மேசையை உடைத்துக்கொண்டு இறங்கியது. பிறகு தரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. கீழ்த்தளத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

"இந்தப் பசிக்கு எங்ககிட்ட தரமே இல்ல," என்றார். முத்திரை குத்தினார். "கடை அங்கேயே இருக்கட்டும்."

நாகபூசணம் வாணலியோடும் கடலோடும் திரும்பி வந்தாள். கண்ணாடி ஓட்டலுக்கு எதிரே இப்போது வெறும் ஈர மணலும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன. கடல் பார்க்கும் மேசை என்று சொல்லி உட்காரவைக்கப்பட்டவர்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் கம்பத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, ஓட்டலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

ஜன்னலோரத்தில் எல்லாரும் எழுந்தார்கள். கழுத்துத் துணியோடு பஜ்ஜிக் கடைக்கு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். மேசைவிரிப்பும் சூப்பை உதறிவிட்டு ஓடி வந்தது. பாதி வழியில் மாசிலாமணியாகிவிட்டது. உடம்பெல்லாம் இஸ்திரி மடிப்பு.

"தீப்பெட்டி கீதா நாகு?" என்றார். சோள அடுப்பு பற்றிக்கொண்டது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

கடைசியாக ஓட்டல் மேனேஜர் வந்தார். "ஒரு டேபிள் கிடைக்குமா மேடம்?"

"டேபிளு இல்ல. ஸ்டூலுதான். லைன்ல வா."

நாகபூசணம் மாவில் இரண்டு கைப்பிடி மிளகாய்த்தூள் அள்ளிப் போட்டாள். முதல் பஜ்ஜி உப்பி மேலே வந்தது. பழக்கத்தில் கை வீசப் போனது. இறக்கிக்கொண்டாள். காகிதத்தில் வைத்து, சட்னி ஊற்றி, திரும்பி நின்று இரண்டு கையாலும் நீட்டினாள். நின்று பார்த்தாள்.

கடல் சாப்பிட்டது. அதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்போ?"

"இப்பதான் சரி. இன்னொண்ணு குடு."

கம்பத்தில் விளக்கு எரிந்தது. கட்டிவைத்திருந்த காகிதம் தீர்ந்திருந்தது. நாகபூசணம் கம்பத்திலிருந்த அறிவிப்பை உரித்து, பசை இல்லாத பக்கத்தில் பஜ்ஜியை வைத்துக் கொடுத்தாள்.