காற்றோட்டமான வீடு

மழை விட்ட மறுநாள் பீரோவை நகர்த்தியபோதுதான் தையல்காரிக்கு விஷயம் தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குள் ஈரச்சாக்கு வாடை அடித்ததற்கு அவள் இத்தனை நாளும் காயாத துணிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த மகளின் பள்ளிக்கூட ஷூவில் வெள்ளையாகப் பூசணம் பூத்து, பூனைக்குட்டியின் ரோமம் போல மெத்தென்றிருந்தது. மகள் அதைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள். தையல்காரி பட்டென்று ஓர் அடி வைத்தாள். அடித்த பிறகுதான் பிள்ளை அழவில்லை என்பதைக் கவனித்தாள். அழுவதற்கு அதற்கு மூச்சு போதவில்லை.

டாக்டர் மகளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல ஓதம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றதும், "மருந்து நான் தரேன். அந்த வீட்ட விட்டுக் கெளம்புற வழிய நீங்க பாருங்க" என்றார்.

மாடியிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே சுவரைப் பார்த்தாள். "துணிய உள்ளயே காயப் போட்டா வேற என்ன ஆகும்? நீங்க வர்றப்ப சுவரு கண்ணாடி மாதிரி இருந்துச்சு." காலி செய்கிறோம் என்றதற்கு அவள் முகம் மாறவில்லை. "தாராளமா போங்க. வருஷம் முடியாம போறீங்க, உங்க எடத்துக்கு நீங்களே ஆள் பாத்து வச்சுட்டுப் போங்க. இல்லேன்னா அட்வான்ஸ மறந்துருங்க."

அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் விடுமுறை நாளில் கொத்துக்கரண்டியும் கையுமாக உட்கார்ந்தான். சுவரின் நீலப் பூச்சு உதிர்ந்தது. நீலத்துக்கடியில் கறுப்பு. அதைச் சுரண்டினால் ரோஸ். ரோஸுக்கடியிலும் கறுப்பு.

"இது நம்ம துணியால வந்ததில்ல" என்றான் அவன்.

அவளுக்கு முன்பு குடியிருந்த டீச்சர் ஞாபகம் வந்தது. வீடு பார்க்க வந்த அன்று டீ போட்டுக் கொடுத்து, மகளை மடியில் உட்கார வைத்து, "காத்தோட்டமான வீடு, கண்ண மூடிட்டு வாங்க" என்று சொன்ன டீச்சர். இவ்வளவு தங்கமான மனுஷி காலி செய்துவிட்டுப் போகிறாளே என்று தையல்காரிக்கு அன்றைக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"அவ நாசமாப் போக" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு, "பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டு ரெண்டு தடவ வெள்ளையடிங்க. வாடையே தெரியக் கூடாது" என்றாள்.

"வர்றவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமே."

"நமக்கு யாரு சொன்னா?"

முதலில் வந்தவர்கள் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டு நழுவிவிட்டார்கள். அடுத்து வந்தது ஒரு சின்னப் பெண். தோளில் கைக்குழந்தை. வீட்டுக்கார அம்மா மாடிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வீட்டுக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க இருந்து பாத்தவங்க, உண்மையச் சொல்லுங்க. இவன் கொறமாசத்துல பொறந்தவன். சளி புடிச்சா லேசுல விடாது."

குழந்தையின் மூக்கு விடைத்து விடைத்து அடங்கிக்கொண்டிருந்தது. தையல்காரி அதையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "காத்தோட்டமான வீடும்மா. ஒரு கொறையும் இல்ல."

உள்ளே மகள் இருமத் தொடங்கினாள். நிற்காத இருமல்.

"பாப்பாவுக்கு என்னக்கா?"

"ஐஸ் தின்னுட்டு வந்திருக்கு. சொன்னா எங்க கேக்குது?"

மகள் கதவோரம் வந்து நின்றாள். "நான் ஐஸே திங்கலம்மா."

தையல்காரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே இருமினாள்.

"பாவம், பொய் சொல்லத் தெரியல" என்று சிரித்த அந்தப் பெண், அன்றைக்கே மாடியேறிப் பேசி முடித்துவிட்டுப் போனாள்.

இவர்கள் சாமான்களை ஏற்றி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் சாமான் வண்டி வந்து நின்றது. தையல் மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த கணவன் அவளைப் பார்க்காமலே, "இப்பவாவது சொல்லிட்டு வா" என்றான். அட்வான்ஸ் பணம் அவள் இடுப்பில் இருந்தது. அவள் வாசற்படியேறி உள்ளே போனாள். வெள்ளையடித்த சுவரோரம் அந்தப் பெண் தொட்டில் கட்டி முடித்து, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலத் தொறந்தே வச்சுக்க."

"சரிக்கா. அதான் காத்தோட்டமான வீடுன்னு சொன்னீங்களே."

தையல்காரி வேறு எதையோ சொல்ல வந்தவள் போல நின்றாள். பிறகு குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியபோது அந்தப் பெண் குழந்தையை ஜன்னலோரம் தூக்கி வந்து, அதன் கையைப் பிடித்து ஆட்டினாள். "அக்காவுக்கு டாட்டா சொல்லு." அம்மாவின் மடியிலிருந்த மகளும் கையை ஆட்டினாள். தையல்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். தெரு திரும்பி, வீடு மறைந்த பிறகும் மகளின் சின்னக் கை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது.