ஒற்றைப்படை விருந்து

1.
இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். லாபே ஆற்றைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். வக்கீல் ப்ரோகோப் கலென்டாவின் மனைவி லுத்மிலா அம்மாளே தன் வாயால் எனக்குச் சொன்னது. அழுதுகொண்டே சொன்னாள். அழுகையை மட்டும் விட்டுவிட்டேன், ஈரத்தில் மை பரவும்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொஹீமியாவின் வானம் அன்று சாம்பல் நிறத்தில்..."

அடித்துவிட்டேன். பயந்தவன் வானத்தையா பார்ப்பான்? வாசலைத்தான் பார்ப்பான்.

கலென்டா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1848 புரட்சி ஆண்டில் பேரரசின் நாடாளுமன்றத்தில் செக் மக்களுக்காக முழங்கியவர். பேரரசர் அதைக் கலைத்த பிறகு போலீஸ் அவர் வீட்டெதிரே ஓர் ஒற்றரை நிறுத்தியது. பெயர் ஹவ்ரானெக். இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை. மாடியில் துணிமூட்டைகளுக்குப் பின்னால் யரோஷ் ஒளிந்திருந்தான், தடைசெய்த பத்திரிகையை அச்சடித்தவன். அகப்பட்டால் அவனுக்கும் வக்கீலுக்கும் கோட்டைச் சிறை.

(யரோஷ் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு துணிச்சலான ஆளுக்கு இருமல் வருமா? வரட்டும். கதைக்கு வேண்டும்.)

3.
எங்கள் பக்கத்தில் அன்றைய விருந்துக்கு ஒற்றைப்படையாக உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஒருவர் செத்துப்போவார். ஆள் குறைந்தால் தெருவில் போகிறவனையாவது இழுத்து வருவோம். லுத்மிலா எண்ணினாள்: தான், கணவர், யரோஷ். மூன்று! கதவைத் திறந்தாள். தெருவில் ஒரே ஒருவர்தான் நின்றார்.

"ஹவ்ரானெக் அண்ணே, பனியில ஏன் வெறைச்சுப் போறீங்க? உள்ள வாங்க, மீன் சூப்பு சூடா இருக்கு."

கலென்டா அவளைச் சமையலறைக்கு இழுத்தார். "அடிப்பாவி, யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?"

"எண்ணிக்கைக்குத்தாங்க. இவரு கீழ, அவரு மேல. நாலாச்சுல்ல?"

"நாடாளுமன்றத்துலகூட இப்படி யாரும் ஆள் சேர்க்கலடி!"

4.
ஹவ்ரானெக் சூப்பை உறிஞ்சினார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். கரண்டி பாதியில் நின்றது.

"வக்கீலய்யா, நீங்க ரெண்டு பேரு. ரெட்டைப்படை. நான் வந்ததும் மூணாச்சு. என்னைச் சாகடிக்கணும்னு உங்க வீட்டம்மாவுக்கு ஆசையா? இல்ல..." அவர் கண்கள் கூரைக்கு ஏறின. "நாலாவதா ஒருத்தர் இருக்காரா?"

மாடியில் யரோஷ் தன் இருமலை

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.)

5.
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஹவ்ரானெக் சன்னலைத் திறந்து காவலர்களைக் கூப்பிடுகிறார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். குப்பைக் கூடையிலிருந்து பூட்ஸ் சத்தம் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றில் அவர் முகம் வெளுக்கிறது. பேரரசரைவிட அவருக்கு மூன்று என்ற எண்ணிடம்தான் பயம்.

"மேல இருக்கறவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கம்மா. இன்னிக்கு நான் விருந்தாளி. விடிஞ்சா மறுபடி போலீஸ்காரன்."

ஆக, விடியும்வரை யரோஷுக்கு நேரமிருக்கிறது. கொல்லைக் கதவா, ஆற்றங்கரையா, அல்லது அந்த ஒற்றரின் வாக்கே ஒரு பொறியா? நான் சொல்லப்போவதில்லை. கதவு உங்கள் கையில். சீக்கிரம், சூப்பு ஆறுகிறது.

ஒரு தகவல் விட்டுப்போனது: ப்ரோகோப் கலென்டா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.