ஒரே பிராணிக்கு இரண்டு பெயர்

கிண்ணத்தைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே நீந்தியது ஒரு ஜெல்லிமீன், அரிசியில் பாதி. ஒன்பது நாள் முன்பு, கிண்ணத்தின் அடியில் பாசி மாதிரி ஒட்டிக்கிடந்த பாலிப் என்ற உயிரிலிருந்து மொட்டாகக் கழன்றது. இப்போது நான்கு விழுது, வாயைச் சுற்றி ஆறு சிவப்புப் புள்ளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை எண்ணினாள். அவளே கண்டுபிடித்து, மகளின் பெயரை வைத்த இனம் அது. இருபத்தேழு வருட வேலையில் அவள் பெயர் வைத்தது அது ஒன்றுக்குத்தான்.

சிக்கல் அந்தப் பாலிப். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. வைத்தவர் அடுத்த அறையில் வேலை பார்த்த அண்ணா. புழுவுக்கு ஒருவரும் வண்ணத்துப்பூச்சிக்கு ஒருவரும் பெயர் வைத்த கதை. இரண்டும் ஒன்றென்றால் முதலில் அச்சானதுதான் நிற்கும். அவருடையது நான்கு மாதம் முந்தியது.

அந்த நாளில் ஆய்வகத்தில் நல்ல விளக்கு ஒன்றுதான். சுவரைத் தட்டினால் கைமாறும். அவர் ஒட்டிக்கிடப்பதைப் பார்ப்பார், இவள் நீந்துவதைப் பார்ப்பாள்.

"அண்ணா, உங்க புல்லுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சும்மா. உன் சோப்பு நுரை உடையாம இருக்கா பாரு."

காலையில் இருவருக்கும் ஒரே படகு. அவருக்கு அலை ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை மாதிரி எடுத்த வாளியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, "புது இனம், நீயே பேர் வை" என்றார். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு புண்ணானது. அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிறது. அவர் ஓய்வுபெற்றதும் அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

கவிழ்க்கவில்லை. போன் செய்தாள்.

"அண்ணா, உங்க பாலிப் என் ஜெல்லிமீனைப் பெத்துப் போட்டிருக்கு."

இருமல். பிறகு, "தண்ணியக் குளிர வச்சியா?"

கூலர் பழுதாகி நிற்காமல் ஓடியதில் தண்ணீர் ஜில்லிட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குளிரில்தான் அது மொட்டு விடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் கட்டுரை வந்த மறுவருஷமே பாத்தேன். கொட்டிட்டேன்."

"ஏன்?"

"உன் பொண்ணு பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா, கடல்ல என் பேர்ல ஒண்ணு இருக்குன்னு. நான் வச்ச பேர் ஏழு இருந்துச்சு. அவளுக்கு அது ஒண்ணுதான், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அவளுக்கு மனம் உருகவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"இருபது வருஷமா தப்பான பேரைச் சொல்லிக் கொடுத்திருக்கேன். ஊருக்கு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டு, பாசம்னு வேற சொல்வீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொல்ற."

"எல்லாத்தையும் எழுதப்போறேன். நீங்க கொட்டினதையும் சேர்த்து."

"எழுதும்மா. எனக்கும் பாரம் குறையும்."

போனை வைத்துவிட்டு இனப் பதிவேட்டைத் திறந்தாள். இந்த வேலையில் செல்லாத பெயரையும் தூக்கி எறிய முடியாது. செல்லும் பெயருக்குக் கீழே, ஆண்டோடு, எழுதியே வைக்க வேண்டும். அண்ணா வைத்த பெயர் இருந்த பக்கத்தில் இடம் கொஞ்சம்தான் மிச்சம். மகளின் பெயரைப் பொடியாக எழுதினாள்.